பசி காட்டிய வழி

மகனையோ மகளையோ கடல் கடந்து படிக்க அனுப்பும் பெற்றோர், பயணத்திற்கு முன் ஒரு மாலையில் பங்குத் தந்தையின் இல்லத்திற்கு வருவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆசீர் பெற வருவார்கள். திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வருவார்கள். எல்லாம் பேசி முடித்து, விடைபெற எழுந்த பிறகு, தாயார் மட்டும் ஒரு கணம் தயங்கி நிற்பார். "அங்கே போய் யாரோடு சேருவானோ, சாமி?" என்பார். படிப்பைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ எழுந்த கேள்வி அன்று அது. மகன் அயல்நாட்டில் எத்தகைய மனிதரிடையே வாழ்வான் என்னும் ஏக்கமே அப்படி வெளிப்படுகிறது.

இந்த ஏக்கம் புதிதன்று. 1888 ஆம் ஆண்டில் இராஜ்கோட்டில் ஒரு விதவைத் தாயும் இதே கலக்கத்தில் இருந்தார். அவர் பெயர் புத்லிபாய். மகன் மோகன்தாசுக்கு அப்பொழுது 18 வயது. மணமாகி, கைக்குழந்தைக்குத் தந்தையுமாகியிருந்தார். இலண்டன் சென்று பாரிஸ்டர் படிப்புப் படிக்க வேண்டுமென்று குடும்ப நண்பர் ஒருவர் யோசனை கூறியிருந்தார். ஆனால் இங்கிலாந்துக்குப் போகும் இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள், புலால் உண்ணாமலும் மது அருந்தாமலும் அங்கே உயிர்வாழவே முடியாது என்றெல்லாம் பலர் சொல்லக் கேட்டுத் தாயின் உள்ளம் நடுங்கிற்று. பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியே வழி கண்டார். மதுவையும் மாதரையும் புலாலையும் தொடுவதில்லை என்று அவர் முன்னிலையில் மோகன்தாஸ் உறுதி எடுத்தார். அதன் பின்னரே தாய் விடை கொடுத்தார்.

பம்பாயிலோ வேறொரு தடை காத்திருந்தது. கடல் கடப்பது சமயத்திற்கு ஒவ்வாதது என்று அவருடைய மோத் பனியா சாதியினர் கூட்டம் கூட்டி விசாரித்தனர். இளைஞர் பணியவில்லை. அவர் சாதிக்குப் புறம்பானவர் என்றும், அவருக்கு உதவுபவரும் துறைமுகத்தில் வழியனுப்பச் செல்பவரும் 1 ரூபாய் 4 அணா தண்டம் செலுத்த வேண்டும் என்றும் சாதித் தலைவர் தீர்ப்பளித்தார். 1888 செப்டம்பர் 4 ஆம் நாள் கப்பல் புறப்பட்டபொழுது, தம் மக்களின் உறவு பின்னால் அறுந்திருக்க, முன்னாலிருந்த மக்களோடு கலந்து உண்ணவும் குடிக்கவும் வழியின்றி, நடுக்கடலில் நின்றார் அவர்.

காந்தியடிகள் இவற்றையெல்லாம் தம்முடைய ‘சத்திய சோதனை’யில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். நம்மில் பலர் பள்ளிப் பருவத்திலேயே படித்ததுதான். ஆயினும், பங்கு இல்லத்தின் வாசலில் நிற்கும் அந்தத் தாயின் கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு அவ்வதிகாரங்களை மறுபடி புரட்டிப் பாருங்கள். வேலியாக இருக்கட்டும் என்று தாய் நட்ட அதே உறுதிமொழி, அவரை ஒவ்வொரு வாசலாக அழைத்துச் சென்றதைக் காண்பீர்கள்.

வயிறு நிறையாத நாட்கள்

அறிமுகக் கடிதங்கள் இல்லாமல் அவர் போகவில்லை. நான்கு கடிதங்கள் கையில் இருந்தன. டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா முதல் நாளே விடுதிக்கு வந்து பார்த்தார். அவருடைய பட்டுத் தொப்பியை இளைஞர் ஆவலோடு தடவிப் பார்த்து மயிரைக் கலைத்துவிட, பிறர் பொருளைத் தொடலாகாது என்பதே இங்கிலாந்தில் அவர் கற்ற முதற்பாடமாயிற்று. அந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. ஆனால் தாதாபாய் நௌரோஜிக்கு எழுதப்பட்ட கடிதத்தை, அத்தகைய பெரியவருக்குத் தொல்லை கொடுக்கலாமோ என்று கூசி, நெடுநாள் பெட்டியிலேயே வைத்திருந்தார். கடிதம் கையிலிருந்தும் கதவைத் தட்டத் துணிவில்லாத பிள்ளைகளை நானும் அறிவேன்.

உணவுதான் பெருந்துயர். இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய ஓர் ஆங்கில விதவையின் வீட்டில் தங்கியிருந்தார். உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்த காய்கறி அவருக்கு இறங்கவில்லை. அம்மையாரின் பெண்கள் இரக்கப்பட்டு இன்னும் ஒன்றிரண்டு ரொட்டித் துண்டுகளை வற்புறுத்தி வைப்பார்கள். முழு ரொட்டியே இருந்தாலும் போதாது என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்? கேட்பதற்கோ வெட்கம்.

அவர்மீது உண்மையான அன்பு கொண்ட நண்பர் ஒருவர் இருந்தார். எழுத்தறியாத தாய்க்கு, இந்த நாட்டின் நிலை தெரியாமல் கொடுத்த வாக்கு வாக்கே ஆகாது என்று அவர் நாள்தோறும் வாதாடினார். பெந்தாமின் நூலைக்கூடப் படித்துக் காட்டினார். ஒருநாள் நாடகம் பார்க்கும் முன் ஹோல்பர்ன் என்னும் பெரிய உணவு விடுதிக்கு அழைத்துப் போனார். முதலில் வந்த சூப்பில் புலால் கலந்திருக்கிறதா என்று காந்தி பணியாளரை அழைத்துக் கேட்டுவிட, நண்பருக்குச் சினம் பொங்கிற்று. நாகரிகமாக நடக்கத் தெரியாவிட்டால் வேறெங்காவது சாப்பிட்டுவிட்டு வெளியே காத்திரு என்றார். அருகில் இருந்த மரக்கறி விடுதியும் அன்று அடைத்திருந்தது. பட்டினியோடு நாடகம் பார்த்தார் காந்தி. இருவருக்கும் பகை ஏற்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நாள்தோறும் 10, 12 மைல் நடந்து மரக்கறி உணவு கிடைக்கும் இடத்தைத் தேடினார். கடைசியில் பாரிங்டன் தெருவில் அப்படி ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே நுழையும் முன், வாசலருகே கண்ணாடிக்குள் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களைப் பார்த்தார். மரக்கறி உணவுக்காக வாதாடி ஹென்றி சால்ட் என்னும் ஆங்கிலேயர் எழுதிய சிறு நூல் அவற்றில் ஒன்று. ஒரு ஷில்லிங் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு உணவுக்கு அமர்ந்தார். இங்கிலாந்து வந்த பிறகு வயிறார உண்ட முதல் உணவு அது. நூலை முதலிலிருந்து இறுதி வரை படித்தார். அதுவரை வாக்குத் தவறக் கூடாதே என்பதற்காகத்தான் புலாலைத் தவிர்த்து வந்தார். இந்தியர் யாவரும் புலால் உண்பதே நல்லது என்ற எண்ணம் உள்ளூர இருந்தது. இனி அந்த நெறி அவருடைய சொந்த நெறியாயிற்று. தாய் ஊட்டிய பழக்கத்திற்குக் காரணத்தை ஓர் அயல்நாட்டார் எடுத்துரைக்கக் கேட்டார்!

விலை கொடுத்த நாகரிகம்

இடையில் ஒரு மூன்று மாதம் வேறு வகையாகவும் முயன்று பார்த்தார். மரக்கறி உண்பவனாக இருந்தாலும் நாகரிகத்தில் குறைந்தவனல்லன் என்று நண்பருக்குக் காட்ட வேண்டுமல்லவா? 19 ஷில்லிங்கில் தொப்பி, பாண்டு தெருவில் 10 பவுனுக்கு மாலை உடை, நடனப் பயிற்சிக்கு 3 பவுன், வயலின் வாங்க 3 பவுன், பேச்சுப் பயிற்சி, பிரெஞ்சு மொழி. பியானோ இசைக்குக் கால் ஒத்துவரவில்லை. வயலினும் விற்பனைக்குப் போயிற்று. இத்தனை செலவும் அவருக்கு ஒரு தோழரையாவது பெற்றுத் தந்ததாக அவர் எழுதவில்லை.

மாறாக, அவர் மறைக்க எண்ணிய அந்த விரதமே அவரை வேண்டப்பட்டவராக்கிற்று. பாரிஸ்டர் பட்டம் பெற விரும்புவோர் தாங்கள் சேர்ந்த சங்கத்தின் விருந்துகளில் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 6 முறை அமர வேண்டும் என்பது விதி. காந்தி இன்னர் டெம்பிள் என்னும் சங்கத்தைச் சேர்ந்தவர். நால்வர் கொண்ட குழுவுக்கு 2 புட்டி திராட்சை மது வைப்பார்கள். குடிக்காத ஒருவர் குழுவில் இருந்தால் மற்ற மூவருக்கும் பங்கு கூடும் அல்லவா? ஆகவே, கூச்சத்தால் வாய் திறவாத இந்த இந்திய மாணவரைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ள எப்போதும் போட்டி! அங்கேயே பார்சி மாணவர் ஒருவரும் மரக்கறி உண்பவராக வாய்த்தார். இருவருமாக விண்ணப்பம் செய்து தங்களுக்கெனத் தனி உணவு பெற்றுக்கொண்டனர்.

மரக்கறி உணவு விடுதிகளின் வழியே உறவு பெருகிற்று. அவ்வியக்கத்தின் ஏட்டை நடத்திய ஜோசையா ஓல்டுபீல்டு நண்பரானார். பிற்பாடு பேஸ்வாட்டர் பகுதியில் இருவரும் ஒரே வீட்டில் தங்கினர். அங்கே ஒரு சிறு சங்கம் தொடங்கினார் காந்தி. ஓல்டுபீல்டு தலைவர், அப்பகுதியில் குடியிருந்த கவிஞர் சர் எட்வின் ஆர்னால்டு துணைத் தலைவர், காந்தி செயலாளர். சில மாதங்களே நடந்த சங்கம்தான். ஆனால் ஒரு சங்கத்தை எப்படி நடத்துவது என்பதை அவர் முதன்முதலில் பயின்றது அங்கேதான். 1891 பிப்ரவரியில் ஓல்டுபீல்டின் ஏட்டில் இந்திய மரக்கறி உணவினர் பற்றி அவர் எழுதத் தொடங்கிய 6 கட்டுரைகளே அவருடைய எழுத்துப் பணியின் தொடக்கம் எனலாம்.

இலண்டன் மரக்கறி உணவுச் சங்கத்தின் செயற்குழுவிலும் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே ஒரு நெருக்கடி. சங்கத்தின் தலைவர் ஹில்ஸ் பெருஞ்செல்வர். சங்கமே பெரிதும் அவர் பொருளால்தான் நடந்தது. செயற்கைக் கருத்தடையை ஆதரித்த டாக்டர் அலின்சனைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அலின்சனின் கொள்கை காந்திக்கும் உடன்பாடன்று. ஆயினும் மரக்கறி உணவைப் பரப்பும் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கருதினார். கருத்தை எழுதிக்கொண்டு போனார், எழுந்து படிக்க நா எழவில்லை, வேறொருவர் படித்தார். அலின்சன் தோற்றார். தமக்கு நன்மை செய்தவரிடமும், தாம் உடன்படும் கொள்கையுடையவரிடமும் மாறுபட்டு நிற்கலாம் என்னும் பழக்கம் அந்தச் சிறு அறையில் தொடங்கிற்று. அலின்சனின் கருத்தை நாமும் ஏற்பதில்லை. ஆனால் காந்தியின் நேர்மையை எப்படிப் பாராட்டாதிருப்பது?

கீதையும் மலைப்பொழிவும்

இரண்டாம் ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சபையைச் சேர்ந்த இரு ஆங்கிலேயர் அறிமுகமாயினர். அவர்கள் எட்வின் ஆர்னால்டு செய்த பகவத் கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தனர். மூலத்தை உடனிருந்து படிக்கும்படி இந்து இளைஞரை அழைத்தனர். அவர் வெட்கத்தால் குன்றினார். வடமொழியிலும் அதைப் படித்ததில்லை, குஜராத்தியிலும் படித்ததில்லை! இப்படித்தான் காந்தி முதன்முதல் கீதையைத் திறந்தார். அவர்களே அவரைப் பிளவாட்ஸ்கி அம்மையாரிடமும் அன்னி பெசன்ட் அம்மையாரிடமும் அழைத்துச் சென்றனர். பின்னாளில் நம் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917 இல் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அதே பெசன்ட் அம்மையார்தாம்.

விவிலியமும் ஏறக்குறைய அதே காலத்தில் அவர் கைக்கு வந்தது. கொடுத்தவர் குருவானவரும் அல்லர், மறைபரப்புச் சங்கத்தைச் சேர்ந்தவரும் அல்லர். மரக்கறி விடுதி ஒன்றில் தங்கியிருந்த மான்செஸ்டர்க்காரர், நல்ல கிறிஸ்தவர். இராஜ்கோட்டில் பள்ளிக்கூடத்தருகே நின்று ஒரு போதகர் இந்துக்களின் தெய்வங்களைப் பழித்ததைச் சிறு வயதில் கேட்டு மனம் கசந்ததைக் காந்தி அவரிடம் சொன்னார். அதைக் கேட்டு அவர் வருந்தினார். தாம் புலால் உண்பதில்லை, மது அருந்துவதில்லை என்றும், மறைநூல் அவற்றைக் கட்டளையிடவில்லை என்றும் கூறி, அதைப் படித்துப் பார்க்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். தொடக்க நூலைத் தாண்டியதும் காந்திக்கு உறக்கம் வந்தது, எண்ணாகமம் பிடிக்கவேயில்லை. மலைப்பொழிவோ நேரே இதயத்தில் பாய்ந்தது. அவர் கிறிஸ்தவராகவில்லை. ஆயினும் அந்த மூன்று அதிகாரங்களை வாழ்நாள் முழுவதும் விட்டுப் பிரியவில்லை. தெருமுனையில் உரத்து முழங்கிய போதகர் மூடிய கதவை, உணவு மேசையில் தாழ்ந்த குரலில் பேசிய ஒருவர் திறந்துவிட்டார் என்பதை நம் மறையுரையாளர்களும் (இதை எழுதுபவனும் சேர்த்தி) எண்ணிப் பார்க்கலாம்.

தாயின் அச்சம் முழுவதும் வீண் என்று சொல்ல வரவில்லை. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் மரக்கறி உணவினர் மாநாட்டுக்குச் சென்றிருந்தபொழுது, தங்கியிருந்த வீட்டில் இரவுச் சீட்டாட்டம் தகாத கேலிப் பேச்சாக மாறிற்று. காந்தியும் அதில் இழுபட்டார். எல்லை கடக்கவிருந்த வேளையில் உடன் வந்த தோழர், அதே கேலியில் கலந்துகொண்டவர்தாம், உனக்குள் இந்தச் சாத்தான் எப்படிப் புகுந்தான் என்னும் பொருள்பட எச்சரித்து, எழுந்து போகச் செய்தார். தாய்க்குக் கொடுத்த வாக்கு அப்போது நினைவில் எழ, நடுநடுங்கித் தம் அறைக்கு ஓடினார் காந்தி. மரக்கறி மாநாடாயினும் சோதனை உண்டு!

பிரைட்டன் நகரில் நேர்ந்ததோ இன்முகத்தோடு முடிந்தது. முதலாண்டில் அங்கே ஒரு விடுதியில் உணவுப் பட்டியல் பிரெஞ்சு மொழியில் இருக்க, விழித்துக்கொண்டிருந்தவருக்கு உதவினார் ஒரு முதிய விதவை. புலால் கலவாதவை எவை என்று அவர் விளக்கியதில் தொடங்கிய பழக்கம், இலண்டனில் ஞாயிறுதோறும் அவர் வீட்டில் விருந்தாக வளர்ந்தது. இளம் பெண்களை அறிமுகப்படுத்தி, ஒருத்தியோடு பேசிக்கொண்டிருக்கும்படி தனியே விடவும் தொடங்கினார். அக்காலத்தில் இந்திய மாணவர் பலர் மணமானதை மறைப்பது வழக்கம், காந்தியும் மறைத்திருந்தார். அம்மையாரின் கருத்து விளங்கியதும், தமக்கு மணமாகி ஒரு மகனும் இருப்பதை ஒரு கடிதத்தில் எழுதி, இனி வீட்டுக்கு வரத் தகுதியற்றவன் என்று நினைத்தால் வருந்தமாட்டேன் என்று அனுப்பினார். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்ததாகவும், வரும் ஞாயிறு கட்டாயம் வர வேண்டும் என்றும் பதில் வந்தது. இலண்டனில் அந்த நட்பு அறுபடவேயில்லை.

கர்தினாலின் இல்லத்தில்

இனி நம் திருச்சபையோடு தொடர்புடைய ஒரு சந்திப்பு. அதற்குக் காரணமானவர் நாராயண் ஹேமச்சந்திரர். தேசிய இந்தியச் சங்கத்தைச் சேர்ந்த செல்வி மேனிங்கின் வீட்டில் (இவர் வேறு, கர்தினால் வேறு) வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பது காந்தியின் வழக்கம். அங்கே அவ்வம்மையார் இவரை அறிமுகம் செய்தார். அம்மைத் தழும்பு முகம், நீண்ட தாடி, கசங்கி அழுக்கேறிய கால்சட்டை, பழுப்பு மேல்சட்டை, கழுத்துப்பட்டை கிடையாது, தலையில் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி. குஜராத்தி எழுத்தாளர். ஆங்கிலம் தெரியாது. ஆயினும் உலகத்து மொழிகளையெல்லாம் கற்று நல்ல நூல்களைத் தாய்மொழியில் பெயர்க்க வேண்டும் என்று புறப்பட்டு வந்தவர். காந்தி அவருக்கு ஆங்கிலம் கற்பிக்க ஒப்புக்கொண்டார். ஒருநாள் எங்கோ பயறு தேடிப் பிடித்து, சமைத்து, காந்திக்குக் கொண்டுவந்து கொடுத்தார் அவர். காந்தி காரட் சூப்பைப் பதிலுக்குக் கொடுத்தார். இதுவே வழக்கமாயிற்று. (இம்மனிதர் பிற்பாடு அமெரிக்காவுக்கும் போய், வேட்டி சட்டையோடு தெருவில் நடந்தமைக்காக வழக்கில் சிக்கி விடுதலையானார்.)

1889 ஆகஸ்டு மாதம் இலண்டன் கப்பல் துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மணிக்கு 6 பென்ஸ் கூலி வேண்டும் என்பது கோரிக்கை. அவர்களில் ஐரிஷ் கத்தோலிக்கர் மிகப் பலர். ஏறத்தாழ ஐந்து வாரம் பட்டினியோடு போராடினார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் மேனிங்குக்கு அப்போது 81 வயது. அந்த முதுமையிலும் முதலாளிகளிடமும் தொழிலாளரிடமும் மாறி மாறிச் சென்றார். பாப்லர் பகுதியின் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் தொழிலாளர் தலைவர்களோடு அமர்ந்து பேசினார். செப்டம்பரில் உடன்பாடு கண்டார். தொழிலாளர் நிலை குறித்துத் திருத்தந்தை 13 ஆம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டது 1891 மே 15 ஆம் நாள்; இம்முதியவர் அதற்கு முன்பே அதை வாழ்ந்து காட்டிவிட்டார்.

இச்செய்தியைக் காந்தி சொல்லக் கேட்ட ஹேமச்சந்திரர், அந்த மகானைப் பார்த்தே தீர வேண்டும் என்றார். அத்தனை பெரியவரை எப்படிப் பார்ப்பது? தாம் ஓர் எழுத்தாளர் என்றும், செய்த நற்பணிக்கு நேரில் நன்றி கூற விரும்புவதாகவும், ஆங்கிலம் தெரியாததால் மொழிபெயர்க்க ஒருவரை உடன் அழைத்து வருவதாகவும் கடிதம் எழுதச் சொன்னார். இரண்டு மூன்று நாட்களில் நேரம் குறித்துப் பதில் வந்தது. காந்தி அதற்குரிய உடை உடுத்துக்கொண்டார். மற்றவரோ அதே கசங்கிய கால்சட்டையோடு வந்தார். பெரியவர்கள் உடையைப் பார்ப்பதில்லை, உள்ளத்தைத்தான் பார்ப்பார்கள் என்று தோழரைக் கேலியும் செய்தார்.

உயர்ந்து மெலிந்த முதியவர் வந்து இருவரோடும் கைகுலுக்கினார். ஹேமச்சந்திரர் குஜராத்தியில் பேச, காந்தி ஆங்கிலத்தில் சொன்னார்: வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு நீங்கள் செய்த நன்மைக்காக நன்றி கூற வந்தோம், உலகத்துச் சான்றோரைக் கண்டு வணங்குவது என் வழக்கம். கர்தினால் மகிழ்ந்தார். இலண்டன் வாசம் அவர்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்றும், இங்குள்ள மக்களோடு அவர்கள் பழக வேண்டும் என்றும் வாழ்த்தி, இறையாசி கூறி எழுந்தார். சில நிமிடங்களே நடந்த சந்திப்பு. அவர்களுடைய சமயத்தைப் பற்றியோ சாதியைப் பற்றியோ உடையைப் பற்றியோ ஒரு சொல்லும் எழவில்லை. அயல்நாட்டு மாணவன் தனித்திருக்கிறான் என்பது மட்டும் அந்தத் திருச்சபைத் தலைவருக்குப் புலப்பட்டது போலும்.

1891 ஜூன் 10 ஆம் நாள் காந்தி பாரிஸ்டரானார். 12 ஆம் நாள் கப்பலேறினார். புறப்படும் முன் மரக்கறி நண்பர்களுக்கெல்லாம் விருந்தளித்தார். எங்கே தெரியுமா? சூப்பைப் பற்றிக் கேட்டதற்காக வெளியேற நேர்ந்த அதே ஹோல்பர்ன் விடுதியில்! அவ்விடுதியார் அன்று முழுவதும் மரக்கறி உணவே பரிமாறினர். நன்றி கூற எழுந்தவருக்கு, ஆயத்தம் செய்திருந்த உரை முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டது. வந்தமைக்கு நன்றி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

பம்பாய்த் துறைமுகத்தில் அண்ணன் காத்திருந்தார். தாய் இறந்துவிட்டார் என்பதை அங்கேதான் சொன்னார்; அயல்நாட்டில் மகன் கலங்கக் கூடாது என்று குடும்பத்தார் மறைத்திருந்தனர். வாக்கைக் காத்துவிட்டேன் என்று சொல்ல அவர் வந்திருந்தார். கேட்க வேண்டியவர் இல்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், வட்டமேசை மாநாட்டுக்காகக் காந்தியடிகள் இலண்டன் சென்றார். நகரின் கிழக்குப் பகுதியில் ஏழைத் தொழிலாளரிடையே தங்கினார். 1931 நவம்பர் 20 ஆம் நாள், மரக்கறி உணவுச் சங்கத்தார் அவரை வரவேற்றுக் கூட்டம் நடத்தினர். பரம்பரைப் பழக்கத்தையும் தாய்க்குக் கொடுத்த வாக்கையும் கடந்து, புலால் உண்ணாமைக்குக் காரணத்தைத் தமக்கு உணர்த்தியது ஒரு நூல் என்று அவர் அங்கே எடுத்துரைத்தார். அதை எழுதிய ஹென்றி சால்ட், 80 வயது முதியவர், அப்பொழுது அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார்.